ஆம்பூர் கடையில் நான் மாற்றி வைத்த இரண்டு தட்டுகள்

விற்பனைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் கடையில் மறுபடியும் இசைத்தட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் கோணியில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதை நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டுக் காட்டுகிறீர்கள். நன்றாக இருங்கள். அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டார். தட்டை எப்படிப் பிடிப்பது, ஊசியை எப்படி வைப்பது என்பதையெல்லாம் அவரே சொல்லிக்கொடுப்பார். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும், கூடவே சிரிப்பும் வரும்.

எழுபதுகளின் கடைசி. வேலூரில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கடை. பாதிக் கடை மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி. மீதிப் பாதி இசைத்தட்டு. அந்தப் பாதிக்கு நானும் குமுதாவும். இரண்டு பேருக்கும் இருபத்து மூன்று வயது, இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. முதலாளி நல்ல மனிதர், ஆனால் தட்டைப் போட்டுக் காட்டினால் ஊசி தேய்ந்துவிடும் என்று பயந்தவர். அதனால் எங்கள் கடையில் பாட்டே கேட்காது. தட்டுகளை உறையில் போட்டிருக்கும் நம்பர் வரிசைப்படி அடுக்கி, தினமும் துடைத்து, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் வரமாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"வேலூர்க்காரன் பஸ் ஏறி ஆம்பூர் போய் ரெக்கார்டு வாங்குறானாம். வாணியம்பாடில ஒரு கடையில உட்கார எடம் இல்லியாம். அவங்க கிட்ட இருக்கிற சரக்கு நம்ம கிட்ட இல்ல, அதான் விஷயம். நாளைக்கு ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. இன்னா வச்சிருக்காங்கன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. சனிக்கிழமை நான் மெட்ராஸ் போறேன். அதே சரக்க வாங்கிப் போடுறேன். அப்பவும் ஓடலன்னா ரேக்கக் கழட்டிட்டு ஃபேன் அடுக்கிடுவேன். நீங்களும் வேற வேல பாத்துக்க வேண்டியதுதான்."

அந்தக் கவுண்டரை விட்டால் எனக்கு இருந்த ஒரே வழி, அத்தை வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினில் உட்காருவது. அந்த மெஷினின் சத்தம்கூட எனக்குப் பிடிக்காது. பாட்டு இருக்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், உளவு பார்க்கப் போகிறோம் என்றதும் அந்தக் கவலையை மீறி ஒரு குஷி வந்துவிட்டது. அக்கா தங்கை என்று சொல்லிக்கொள்வது, அண்ணன் கல்யாணத்துக்குத் தட்டு வாங்க வந்திருக்கிறோம் என்பது, அண்ணனுக்கு என்ன வேலை என்பது வரைக்கும் பஸ்ஸிலேயே முடிவு செய்தோம். குமுதா அண்ணனை மிலிட்டரிக்கு அனுப்பிவிட்டாள்.

முதலில் வாணியம்பாடி. தோல் மண்டித் தெருவில் ஒரு கடை. உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு பிளேயர், பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு டீ. எங்களையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டார்கள். கவ்வாலி ஓடிக்கொண்டிருந்தது. தட்டு உறைகளில் பாதி உருதுவில் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கலாம் என்று அசைந்தபோதெல்லாம் பக்கத்திலிருந்த பெரியவர், "இரும்மா, இனிமேதான் விஷயமே இருக்குது" என்று உட்கார வைத்தார். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாம் பக்கம் முடிந்தது, அடுத்த தட்டும் ஏறியது. பாடகர் ஒரே வரியைப் பத்து விதமாகப் பாட, கடையே "வாஹ்!" என்றது. மூன்றாவது தட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக "வாஹ்!" சொன்னது குமுதா. வெளியே வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. என் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: படிக்க முடியவில்லை, ரொம்ப நன்றாக இருக்கிறது.

அடுத்து ஆம்பூர். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, இரண்டு கதவு அகலத்தில் ஒரு கடை. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அப்படியே வந்தவர்கள், கல்லூரிப் பையன்கள், மைக் செட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒல்லியாக, முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஒருவர். எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். ஒரு கையால் தட்டை மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டு, வாயால் மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அலமாரியைப் பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை. வரிசை என்பதே கிடையாது. கிறிஸ்தவப் பாட்டுக்குப் பக்கத்தில் கவ்வாலி, அதற்குப் பக்கத்தில் சினிமா, அதற்கப்புறம் நாதஸ்வரம். நம்பர் எங்கெங்கோ ஓடியது. பலகைகளில் பெயர்கூட எழுதவில்லை. பிள்ளைகளே, நம் தொழிலில் ஒரு வியாதி உண்டு, சீக்கிரம் உங்களுக்கும் வரும். ஓட்டலுக்குச் சாப்பிடப் போனால்கூட மேஜைமேல் இருப்பதை அடுக்கி வைப்பீர்கள். இரண்டாவது பலகையில் எல்லாம் சந்தோஷப் பாட்டு, கடைசியில் மட்டும் கூட்டை விட்டுப் போகும் குருவியைப் பற்றிய ஒரு சோகப் பாட்டு. ஐந்தாவது பலகையில் எல்லாம் அழுமூஞ்சிப் பாட்டு, நடுவில் மட்டும் ஆளை எழுப்பி ஆடவைக்கும் ஒரு மேளப் பாட்டு. யாரோ அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் எடுத்தேன், இடம் மாற்றி வைத்தேன். நான் உளவாளி என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

அந்த நேரம் ஒரு மைக் செட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார்.

"பாய்! மாதனூர் கல்யாணம். மாப்ள ஊட்டு ஆளு ஒருத்தன் என் ரெக்கார்டு பெட்டி மேல உக்காந்துட்டான். எல்லாம் போச்சி! பொண்ண அனுப்புற நேரம் ஆவுது, பஸ்ஸு கெளம்புது!"

பாய் தலையைத் தூக்காமலே சொன்னார். "ரெண்டாவது பலகைல கடைசி மூணு. எடுத்துக்கினு ஓடு."

வந்தவர் உறையைக்கூடப் பார்க்கவில்லை. கடைசி மூன்றை உருவி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடினார். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து கூட்டம் சற்றே குறைந்தது. நான் ஒரு தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முந்தானையால் துடைத்து, உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் எதிரே பாய்.

"இன்னாம்மா, எந்தக் கடை நீ?"

"நாங்க... எங்க அண்ணனுக்குக் கல்யாணம். மிலிட்டரில இருக்காரு."

"கல்யாணத்துக்குத் தட்டு வாங்குறவங்க வெரல் ரேகை பதியத்தான் புடிப்பாங்க. வெளிம்புல புடிக்கிறவங்க கடக்காரங்கதான். வேலூரா?"

குமுதா மேலே பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கோபமே இல்லை. அப்புறம் சட்டென்று நிறுத்தினார்.

"இரு இரு. என் அலமாரில எதையாச்சும் மாத்துனியா?"

காட்டினேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பலகை பலகையாக அவர் சொன்னபோதுதான் எனக்கு அந்த அலமாரி புரிந்தது. அது பாட்டை வைத்து அடுக்கியதல்ல, ஆம்பூரைச் சுற்றி என்னென்ன நடக்குமோ அதை வைத்து அடுக்கியது. முதல் பலகை பிள்ளை பிறந்த வீடு, காது குத்து. இரண்டாவது கல்யாண வீடு. மூன்றாவது கிறிஸ்துமஸ், நாலாவது ரம்ஜான், ஐந்தாவது சாவு வீடு.

"அந்தக் குருவிப் பாட்டு பொண்ணு வண்டி ஏறும்போது போடுறதும்மா. அதக் கேட்டாத்தான் அம்மாக்காரிக்கு அழுகையே வரும். இந்தப் பக்கம் அது இல்லாம ஒரு பொண்ணும் படி தாண்ட மாட்டா."

"அப்ப அந்த மேளப் பாட்டு?"

"வயசானவங்க நல்லா வாழ்ந்து போய்ச் சேர்ந்தா, பாடை கெளம்பும்போது போடுறது. மொத அடி கேட்டாலே ஊரே செருப்ப மாட்டிக்கும்."

குமுதா என் இடுப்பில் கிள்ளினாள். "வா லில்லி, போய்டலாம். நம்ம பேருகூட அவருக்குத் தெரியாது."

போயிருக்கலாம். பஸ் ஏறி வேலூர் வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உதை வாங்குவது மைக் செட்டுக்காரர், கெட்ட பெயர் பாய்க்கு. இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் நாம் செய்யும் தப்பு நம் கடையில் வெடிக்காது. எங்கேயோ ஒரு பந்தலில், நமக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவில் வெடிக்கும். எனக்குப் போக மனம் வரவில்லை. "அந்தத் தட்டக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றேன். பாய் குருவிப் பாட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த பஸ் அரை மணி நேரம் கழித்து. ஆனால் எதிரே ஒரு ஷூ கம்பெனி வண்டி ஷிஃப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு மாதனூர் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. பாய் நடு ரோட்டில் நின்று கையை விரித்து அதை நிறுத்தினார். குமுதாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஏறி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். வண்டி முழுக்கச் சிரிப்பு.

"ஐயோ, அது எங்க மாமியாருக்குப் போட்டதுக்கா!"

"எங்க பெரிப்பாவுக்கும் அதான். நாலு தெருவு ஆடிக்கினே போனோம்."

ஒருத்தி டிபன் பாக்ஸில் அந்த மேளத்தைத் தட்டிக் காட்டினாள். இன்னொருத்தி டிரைவர் தோளைத் தட்டி, "அண்ணே, எங்கயும் நிறுத்தாத, பொண்ணு பொறப்படப் போவுது" என்றாள். நடுவில் இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. இதைப் பார்க்காமல் எப்படி வீட்டுக்குப் போவது?

மாதனூரில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தூரத்திலேயே தெரிந்தது. வண்டி நின்றதும் நான் குதித்து ஓடினேன். பின்னால் குமுதா, அவளுக்குப் பின்னால் இருபது ஷூ கம்பெனிப் பெண்கள். வாசலில் அலங்கரித்த கார். பெண் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். மைக் செட்டுக்காரர் ஊசியை வைப்பது தெரிந்தது. நான் கத்தினேன். கேட்கவில்லை.

டண்டணக்கு, டண்டணக்கு, டண்டணக்கு!

பந்தலே சிலை ஆனது. பெண் காலை வெளியே எடுத்துவிட்டாள். ஆரத்தித் தட்டு வைத்திருந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். எல்லாருடைய பார்வையும் மெதுவாகத் திரும்பி, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாத்தாமேல் போய் நின்றது. கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"யாருக்குடா அவசரம்? நான் இன்னும் பந்தியிலகூட உக்காரல!"

அதற்குள் நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் மைக் செட்டுக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார்கள். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "யாருடி நீ?" என்றாள். யோசிக்க நேரமில்லை. மைக்கை எடுத்தேன். என் குரல் தென்னை மரத்திலிருந்து எனக்கே கேட்டது.

"நான் வேலூர்ல ரெக்கார்டு விக்கிறவ. இந்தத் தட்ட மாத்தி வச்சது நானு. இவரு மேல தப்பு இல்ல, ஆம்பூர் கடைக்காரர் மேலயும் தப்பு இல்ல. என்னை மன்னிச்சிக்கங்க. சரியான தட்டு இதோ இருக்குது."

குருவிப் பாட்டைப் போட்டேன். முதல் வரி முடியவில்லை, அந்த அம்மாவின் உதடு துடித்தது. இரண்டாவது வரியில் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பெண் அழுதாள், அத்தைமார் அழுதார்கள், ஷூ கம்பெனிப் பெண்கள் மொத்தமும் அழுதார்கள். எல்லாருக்கும் மேலே குமுதா அழுதாள், அவளுக்கு அந்தப் பெண் யாரென்றே தெரியாது. அப்படி ஒரு நிறைவான அழுகையை நான் பார்த்ததில்லை. கார் போனபின் தாத்தா என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். "அந்த மேளத் தட்ட இங்கியே வச்சிட்டுப் போம்மா, ஒரு நாள் ஒதவும்" என்றார். சாப்பிடாமல் விடவில்லை.

வேலூர் பஸ்ஸில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் சிரிப்பு நின்றது. நோட்டு காலியாக இருந்தது. முதலாளியிடம் என்ன சொல்வது? குமுதாதான் கேட்டாள்.

"பாய் தெருவுல கல்யாணம், சாவு, காது குத்து. வாணியம்பாடில உட்காந்து கேக்குற கூட்டம். நம்ம தெருவுல இன்னா நடக்குது லில்லி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம். பஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. ஃபிளாஸ்க்கும் எக்ஸ்ரே கவருமாக ஜனங்கள். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜ் வராண்டாக்களில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெங்காலிக் குடும்பங்கள், தெலுங்குக் குடும்பங்கள். டூட்டி முடிந்து போகும் மலையாள நர்ஸ்கள். எங்கள் தெருவில் நடப்பது ஒன்றே ஒன்று, காத்திருப்பது. வாரக்கணக்கில், கேட்பதற்கு ஒரு பாட்டுகூட இல்லாமல்.

மறுநாள் காலையில் முதலாளி கையை நீட்டினார். "லிஸ்ட்டு?"

"இல்ல சார். ஆம்பூர் சரக்கு இங்க ஓடாது. அது ஆம்பூருக்கு அடுக்குனது. வாணியம்பாடி சரக்கும் அப்படித்தான்."

அவர் முகம் சிவந்தது. "பஸ்ஸுல உல்லாசமா போய்ட்டு வந்து எனக்கே பாடம் நடத்துறியா?"

ஆனாலும் சொன்னேன். "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். இந்தத் தெருவே லிஸ்ட்டு தரும்."

அன்றைக்கு நாங்கள் லாட்ஜ் லாட்ஜாக ஏறினோம். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்க எங்களுக்குப் பாஷை இல்லை. நான் நோட்டைக் காட்டி லாலா என்று இழுத்தேன். அவ்வளவுதான், அவர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கட்டுப் போட்ட ஒருவர் படுத்தபடியே பாடினார். ஒரு நர்ஸ் படிக்கட்டில் நின்று பாடினாள். ஹாஸ்டலில் தட்டு போட்டுக் கேட்கிற ரேடியோகிராம் இருப்பதாகவும், பிள்ளைகள் சேர்ந்து தட்டு வாங்குவார்கள் என்றும் சொன்னாள். சந்தேகத்தோடு பின்னாலேயே வந்த முதலாளி, மூன்றாவது லாட்ஜில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மெட்ராஸில், மொத்த வியாபாரியின் கடையில் நின்று அந்த மனிதர் பெங்காலிப் பாட்டுகளை முனகிக் காட்டித் தட்டு வாங்கியிருக்கிறார். "நல்லாத்தான் பாடுனேன், அவன்தான் சிரிச்சான்" என்றார்.

ஆனால் ரேக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் வரச்சொல்லியிருந்த தச்சர் சுத்தியலோடு வந்து நின்றார். முதலாளி என்னைப் பார்க்காமல், "ஒரு தட்டு போடு, பாப்போம்" என்றார். ஒரு பெங்காலித் தட்டைப் போட்டேன்.

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் வெயிலில் அப்படியே நின்றார். ஐம்பது வயதிருக்கும், கையில் மருந்துச் சீட்டு. உள்ளே வந்தார். தமிழ் பேச வரவில்லை. எதிர் லாட்ஜின் இரண்டாவது மாடி ஜன்னலைக் காட்டினார். தலையில் கட்டுப் போடுவதுபோலச் சைகை செய்தார். பிறகு காதைத் தொட்டு, கையை உயர்த்தினார். அங்கே படுத்திருப்பவளுக்குக் கேட்க வேண்டும், இன்னும் சத்தமாக. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வாசலுக்குக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்து, ஜன்னலைப் பார்த்துத் திருப்பினார். சத்தத்தை முழுசாக வைத்தார்.

பாட்டு முடியும்வரை ஜன்னலில் யாரும் இல்லை. தட்டு நின்றது. அப்புறம் திரை விலகியது. தலையில் வெள்ளைக் கட்டோடு ஒரு அம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். மறுபடியும் திருப்பினாள். எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும்: மறு பக்கத்தைப் போடு. கீழே நின்ற கணவர் அழுதுகொண்டே சிரித்தார். தெருவே சிரித்தது. நான் ஓடிப்போய்த் தட்டைத் திருப்பிப் போட்டேன்.

தச்சர் பொறுமை இழந்து, "சார், ரேக்க எந்தப் பக்கத்துலேந்து கழட்டணும்?" என்றார்.

முதலாளி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரேக்க வுடுய்யா. வாசல்ல ஸ்பீக்கருக்கு ஒரு பலகை அடி. அந்த அம்மாவப் பாத்த மாதிரி."